பாரமவுண்ட்: ஓர் ஆங்கிலப் பெயரடையின் வரலாறு

பாரமவுண்ட் என்பது மற்ற எல்லாவற்றுக்கும் மேலானது, முதலிடம் பெறுவது, தலையாயது என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் பெயரடை ஆகும். இன்று இச்சொல் நாளிதழ்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அலுவலகக் கடிதங்களிலும் இயல்பாகப் பயன்படுகிறது. பயணிகளின் பாதுகாப்பு, குழந்தையின் நலன், நோயாளியின் உயிர் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது இச்சொல் அடிக்கடி வரும். ஆனால் இது பிறந்த இடம் நில உரிமைச் சட்டம். வளர்ந்த பின்னர் இது இந்தியாவின் 562 சுதேச சமஸ்தானங்களின் தலைவிதியோடு தொடர்பு கொண்டது.

பொருளும் பயன்பாடும்

ஆங்கிலத்தில் மேலோங்கி நிற்பதைக் குறிக்கப் பல பெயரடைகள் உள்ளன. அவை ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு உருவகத்திலிருந்து பிறந்தவை. டாமினன்ட் என்ற சொல் வீட்டுத் தலைவன், எசமானன் என்று பொருள்படும் டாமினஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரீடாமினன்ட் என்பது அதே சொல்லின் முன்னால் 'முன்' என்ற பொருள் தரும் ஒட்டைச் சேர்த்து உருவானது. பிரிவலன்ட் என்பதன் வேர் வலிமையைக் குறிக்கும் இலத்தீன் வினை. சுப்ரீம் என்பது மேல் என்ற பொருளுடைய சொல்லின் உச்ச வடிவம்.

பாரமவுண்ட் என்பதன் அடிப்படை மலை. இது பரவலையோ எண்ணிக்கையையோ வலிமையையோ சுட்டுவதில்லை; வரிசையில் உள்ள இடத்தைச் சுட்டுகிறது. ஒரு வகுப்பில் பெரும்பாலோர் பேசும் மொழியை டாமினன்ட் அல்லது பிரீடாமினன்ட் என்று சொல்லலாம். அதைப் பாரமவுண்ட் என்று சொல்வது பொருந்தாது. இரண்டு தேவைகள் மோதும்போது எது விட்டுக்கொடுக்காமல் நிற்குமோ, அதுவே பாரமவுண்ட்.

இச்சொல்லின் பொருளிலேயே உச்சம் அடங்கியிருக்கிறது. ஆகவே இதற்கு முன்னால் மோர், மோஸ்ட் ஆகிய ஒப்பீட்டுச் சொற்களைச் சேர்ப்பது நல்ல ஆங்கிலமாகக் கருதப்படுவதில்லை. மாணவர்கள் இதில் தவறுவதுண்டு.

சொல் பிறந்த விதம்

பழைய பிரெஞ்சு மொழியில் 'பர் அமோன்' என்றால் மேலே, மேற்புறமாக என்று பொருள். 'பர்' என்பது வழியாக, ஆல் என்ற பொருளுடைய 'பெர்' என்ற இலத்தீன் இடைச்சொல்லிலிருந்து வந்தது. 'அமோன்' என்பது மலையை நோக்கி என்று பொருள்படும் 'அத் மோண்டெம்' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். மலையை நோக்கிப் போவது என்றால் மேலே போவது. அந்த வழக்கு நாளடைவில் மேல் என்ற பொதுப்பொருளைப் பெற்றது.

இதற்கு எதிர்ச்சொல்லும் இருந்தது. பள்ளத்தாக்கை நோக்கி என்று பொருள்படும் 'அவால்' என்பதே அது. இன்றைய பிரெஞ்சில் ஆற்றின் மேற்பகுதியை அமோன் என்றும், நீர் ஓடிச் செல்லும் கீழ்ப்பகுதியை அவால் என்றும் சொல்கிறார்கள். மலையும் பள்ளத்தாக்கும் அந்த மொழியில் இன்னும் இணையாக வாழ்கின்றன.

தொகை என்று பொருள்படும் அமவுண்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்தான். கூட்டக் கூட்ட ஏறிக்கொண்டே போவது தொகை. அதற்கு ஈடானது என்ற பொருளில் வரும் டேன்டமவுண்ட் என்ற சொல்லும் இதன் உறவு. அதன் பொருள் வேறு என்பதால் பாரமவுண்டுடன் அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாராகிராஃப், பாரலல் முதலிய சொற்களின் தொடக்கத்தில் உள்ள 'பாரா' கிரேக்க மொழிக்குரியது. அதற்கும் பாரமவுண்டுக்கும் தொடர்பில்லை.

நிலத்தின் ஏணி

1066இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு பேசுவோர் அந்நாட்டின் ஆளும் வகுப்பானார்கள். நீதிமன்றங்களிலும் நிலப் பத்திரங்களிலும் சட்டப் பிரெஞ்சு எனப்படும் தனி வழக்கு நிலைபெற்றது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362இல் சட்டம் வந்த பின்னும் அந்தச் சொற்கள் மறையவில்லை.

நார்மானியர் வகுத்த முறைப்படி நாட்டின் நிலம் முழுவதற்கும் இறுதி உரிமையாளர் மன்னரே. மன்னரிடமிருந்து பெரும் பிரபுக்கள் நிலம் பெற்றார்கள். அவர்களிடமிருந்து சிறிய பிரபுக்களும், அவர்களிடமிருந்து இன்னும் சிறியவர்களும் பெற்றார்கள். பெற்றவர் கொடுத்தவருக்குப் போர்ச்சேவையோ வரியோ வேறு பணியோ செய்யக் கடமைப்பட்டவர். 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே புத்தகம் எந்த நிலத்தை யாரிடமிருந்து யார் பெற்றிருக்கிறார் என்று பதிவு செய்தது.

இந்த ஏணியின் உச்சியில் இருந்தவருக்கு வழங்கிய பெயர் லார்டு பாரமவுண்ட். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அவர் மன்னர். ஏணியின் அடியில் நிலத்தை நேரடியாகக் கைக்கொண்டிருந்தவர் டெனன்ட் பாரவேல் எனப்பட்டார். பாரவேல் என்பது பள்ளத்தாக்கு வழியாக, அதாவது கீழே என்று பொருள்படும் 'பர் அவால்' என்பதன் ஆங்கில வடிவம். இவ்விருவருக்கும் இடைப்பட்டவர் ஒரே நேரத்தில் மேலே உள்ளவருக்குக் குடியாகவும் கீழே உள்ளவருக்குப் பிரபுவாகவும் இருந்தார்.

நிலம் வைத்திருந்தவர் வாரிசின்றி இறந்தால் நிலம் அவருக்கு மேலே இருந்த பிரபுவிடம் திரும்பியது. வாரிசு சிறுவனாக இருந்தால் அவனது காப்புரிமையும் நில வருமானமும் மேலே இருந்தவரைச் சேர்ந்தன. ஏணியில் புதிய படிகள் கூடக் கூட, மேலே இருந்தவர்களுக்கு இந்த வருவாய் கிடைப்பது சிக்கலானது. ஆகவே முதலாம் எட்வர்டு மன்னர் 1290இல் குவியா எம்ப்டோரஸ் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்பின் நிலத்தை விற்பவர் வாங்குபவருக்குப் பிரபுவாக முடியாது. வாங்குபவர் விற்றவரின் இடத்தில் வந்து நிற்பார். இதனால் படிகள் பெருகுவது நின்றது.

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரமவுண்ட் என்ற சொல் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றது. பின்னர் நிலச் சட்டத்தைத் தாண்டி, எதிலும் முதன்மையானது என்ற பொதுப்பொருளையும் பெற்றது. பாரவேல் சட்ட அகராதிக்குள்ளேயே தங்கிவிட்டது. மலையைச் சுட்டிய சொல் எல்லோர் வாயிலும் வழங்க, பள்ளத்தாக்கைச் சுட்டிய சொல்லை இன்று ஆங்கிலேயரிலும் பெரும்பாலோர் அறியார்.

இந்தியாவுக்கு வந்த சொல்

கிழக்கிந்தியக் கம்பெனி 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமையை முகலாயப் பேரரசரிடமிருந்து பெற்றது. அந்த நிலையில், பெயரளவிலேனும் அது பேரரசருக்குக் கீழ்ப்பட்டதுதான். 1798இல் ஐதராபாத் நிசாம் வெல்லெஸ்லி பிரபுவின் துணைப்படை உடன்படிக்கையை ஏற்றார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். வெளிப்படையாக அறிவிக்காவிட்டாலும் செயலளவில் ஆங்கில ஆட்சியைப் பாரமவுண்ட் ஆக்க வேண்டும் என்ற கருத்தை, தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸ் பிரபு 1814இல் தம் நாட்குறிப்பில் எழுதினார். 1818இல் மராட்டியர் தோற்றபின் அது நடைமுறையாயிற்று. இங்கிலாந்தின் நில ஏணியில் பிறந்த சொல், இந்திய அரசர்களைக் கீழ்ப்படியில் நிறுத்தும் சொல்லாக மாறியது. இந்த மேலுரிமைக்குப் பாரமவுண்ட்சி என்று பெயர்.

டல்ஹவுசி பிரபு காலத்தில் இதன் கடுமை தெரிந்தது. ஆண் வாரிசின்றி அரசர் இறந்தால் அந்தச் சமஸ்தானம் கம்பெனியைச் சேரும் என்ற வாரிசிழப்புக் கொள்கையின்படி சதாரா, நாக்பூர், ஜான்சி ஆகியவை பறிக்கப்பட்டன. வாரிசற்ற நிலம் மேலே உள்ள பிரபுவிடம் திரும்பும் பழைய ஆங்கில வழக்கத்தோடு இதற்குள்ள ஒற்றுமை தெளிவானது.

தமிழ்நாட்டில் இதற்கு இலக்கானது தஞ்சாவூர். இரண்டாம் சரபோசி மன்னர் 1799இலேயே நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் விட்டிருந்தார். கோட்டையும் அதைச் சூழ்ந்த பகுதியும் அரச மரியாதையுமே அவர் குடும்பத்துக்கு எஞ்சியிருந்தன. அவர் மகன் சிவாசி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும், கம்பெனி அரச பட்டத்தை முடித்துவைத்ததோடு அரண்மனைச் சொத்துகளையும் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சி பாய் சாகேபா சென்னையிலிருந்த உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். கம்பெனி தரப்பு இலண்டன் பிரிவி கவுன்சிலில் மேல்முறையீடு செய்தது. 1859இல் தீர்ப்பு வந்தது. கம்பெனியின் செயலுக்குச் சட்ட உரிமை எதையும் ஆவணங்களில் காண்பது மிகவும் கடினம் என்று அந்த மன்றமே ஒப்புக்கொண்டது. ஆயினும் இது அரசின் இறைமைச் செயல் என்பதால் நீதிமன்றம் தலையிட முடியாது என்று கூறி, அரசிக்கு எதிராக முடித்தது. மேலே இருப்பவரின் செயலைக் கேள்வி கேட்க இடமே இல்லை என்பது இதன் விளைவு.

எல்லை சொல்லப்படாத அதிகாரம்

1858இல் விக்டோரியா அரசியின் பிரகடனம் சமஸ்தானங்களோடு செய்த உடன்படிக்கைகளை மதிப்பதாகவும், மேலும் நிலம் சேர்க்க விரும்பவில்லை என்றும் உறுதி கூறியது. இணைப்புகள் நின்றன. ஆனால் மேலுரிமை குறையவில்லை. அரசு வாரிசைத் தீர்மானிப்பது, சிறுவயது அரசரின் கல்வியை மேற்பார்ப்பது, முறைகேடு என்று கருதினால் அரசரை நீக்குவது ஆகியவற்றை ஆங்கில அரசு தன் உரிமையாகவே கொண்டது. மணிப்பூர் நிகழ்வுகளை ஒட்டி 1891இல் வெளியிட்ட அறிவிப்பில், இந்திய அரசுக்கும் சமஸ்தானங்களுக்கும் இடையிலான உறவுக்குப் பன்னாட்டுச் சட்டம் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

திருமணம் வரை இந்த அதிகாரம் எட்டியதற்குப் புதுக்கோட்டை சான்று. அதன் அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். ஆங்கில அரசு அவரை அரசியாக ஏற்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த மகனை வாரிசாகவும் ஏற்கவில்லை. அரசர் நாட்டைவிட்டு வெளிநாட்டில் வாழ்ந்து 1928இல் இறந்தார். பட்டம் குடும்பத்தின் வேறு கிளையைச் சேர்ந்த சிறுவரான இராசகோபாலத் தொண்டைமானுக்குச் சென்றது.

சமஸ்தானங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான ஐதராபாத்தும் இதற்கு விலக்கில்லை. பேரார் பகுதியைத் திரும்பக் கேட்ட நிசாம் உஸ்மான் அலி கான், உள்நாட்டு விவகாரங்களில் தாம் ஆங்கில அரசுக்குச் சமமானவர் என்று வாதிட்டார். வைஸ்ராய் ரீடிங் பிரபு 1926 மார்ச் 27 தேதியிட்ட கடிதத்தில் அதை மறுத்தார். ஆங்கில முடியின் இறைமையே இந்தியாவில் உச்சமானது, எந்த அரசரும் சமநிலையில் நின்று பேச்சு நடத்த முடியாது, இந்த உச்சநிலை உடன்படிக்கைகளால் மட்டும் வந்ததன்று என்பதே அக்கடிதத்தின் சாரம்.

அரசர்கள் கலங்கினார்கள். மேலுரிமையின் எல்லை என்ன என்று வரையறுக்கக் கேட்டார்கள். 1927 இறுதியில் சர் ஹார்கோர்ட் பட்லர் தலைமையில் மூவர் குழு அமைந்தது. உறுப்பினர்களில் ஒருவர் வில்லியம் ஹோல்ட்ஸ்வொர்த். இங்கிலாந்துச் சட்டத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய அறிஞர் அவர். லார்டு பாரமவுண்ட் என்ற பழைய சொல்லின் பிறப்பை அவரைவிட நன்கு அறிந்தவர் அக்குழுவில் இருந்திருக்க முடியாது. 1929இல் வந்த அறிக்கை மொத்தம் 562 சமஸ்தானங்களைக் கணக்கிட்டது. அவற்றுள் 108இன் அரசர்கள் அரசர் மன்றத்தில் தம் உரிமையால் உறுப்பினர்கள். 127 சமஸ்தானங்களுக்குச் சேர்ந்து 12 பிரதிநிதிகள். எஞ்சிய 327 சிறு நிலப்பகுதிகளும் சாகிர்களும் ஆகும்.

எதிர்பார்த்த வரையறையை மட்டும் குழு தரவில்லை. காலம் மாறும்போது தேவைக்கேற்ப மேலுரிமையும் மாறும், ஆகவே பாரமவுண்ட்சி பாரமவுண்டாகவே இருக்க வேண்டும் என்று கூறிவிட்டது. ஒரு சொல்லை அதே சொல்லால் விளக்கும் இந்த விடையை வகுப்பில் ஒரு மாணவர் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் கேட்டவர்களும் சொன்னவர்களும் அதன் பொருளை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். மேலே இருப்பவர் தம் எல்லையைத் தாமே தீர்மானிப்பார் என்பதே அந்த விடை.

1947: உச்சி காலியானபோது

ஆங்கிலேயர் வெளியேறும் நேரத்தில் இந்தச் சொல்லே பெரும் சிக்கலாகியது. பாரமவுண்ட்சியைப் புதிய அரசுகளிடம் ஒப்படைக்க மாட்டோம் என்று 1946 மே மாதம் அமைச்சரவைத் தூதுக்குழு அறிவித்தது. 1947ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டம், 7ஆம் பிரிவில், சமஸ்தானங்கள் மீதான மன்னரின் மேலுரிமை முடிவடைவதாகக் கூறியது. அச்சட்டம் பாரமவுண்ட்சிக்குப் பதிலாக சுசரைன்டி என்ற சொல்லை ஆண்டது. அதுவும் 'மேல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே.

ஏணியின் உச்சிப்படியில் இருந்தவர் இறங்கிப் போனால் அடுத்த படியில் இருப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? யாருக்கும் இல்லை என்று சில அரசர்கள் விடை கண்டார்கள். திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் 1947 ஜூன் 11 அன்று அறிவித்தார். ஐதராபாத்தும் தனித்து நிற்க முனைந்தது. இரயில், அஞ்சல், சுங்கம் ஆகியவை குறித்த ஏற்பாடுகள் திடீரென அறுபடாமல் தற்காலிகமாகத் தொடர விடுதலைச் சட்டத்திலேயே இடம் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அரசியல் உறவுக்குப் புதிய அடிப்படை தேவைப்பட்டது.

1947 ஜூலையில் சமஸ்தானங்களுக்கான துறை சர்தார் படேல் பொறுப்பில் அமைந்தது. வி. பி. மேனன் அதன் செயலாளர். பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் ஒப்படைக்கும் இணைப்பு ஆவணத்தில் அரசர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டனர். பழைய மேலுரிமையின் எல்லை எங்கும் எழுதப்படவில்லை. புதிய உறவின் எல்லை தாளில் எழுதிக் கையெழுத்தானது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சமஸ்தானங்கள் முழுமையாகவே இணைந்தபோது அந்த எல்லையும் மறைந்தது என்பது உண்மையே. ஜூலை இறுதியில் திருவிதாங்கூர் இணங்கியது. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ஐதராபாத் 1948 செப்டம்பரில் இராணுவ நடவடிக்கைக்குப் பின் இணைந்தது.

பிற வழக்குகள்

ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் பல தலைவர்களுக்கு மேலான தலைவரைப் பாரமவுண்ட் சீஃப் என்று அழைத்தார்கள். சியரா லியோனில் இப்பதவி இன்றும் உண்டு. அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அவர்களுக்கென இடங்களும் உள்ளன. கனடாவில் மத்தியச் சட்டமும் மாகாணச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும் என்ற கோட்பாட்டுக்குப் பாரமவுண்ட்சி என்றே பெயர். 1914இல் அமெரிக்காவில் தொடங்கிய பாரமவுண்ட் திரைப்பட நிறுவனத்தின் சின்னம், விண்மீன்கள் சூழ்ந்த ஒரு மலைமுகடு. சொல்லுக்குள் மறைந்திருக்கும் மலையை அச்சின்னம் கண்முன் நிறுத்துகிறது.

குழந்தைக்குக் கிடைத்த இடம்

20ஆம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு மதிப்புமிக்க ஒரு புதிய இடம் கிடைத்தது. பெற்றோர் பிரியும்போது குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில், தந்தையின் உரிமையே முன்பு பெரிதாகக் கருதப்பட்டது. இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், குழந்தையின் நலனே முதலாவதும் பாரமவுண்டுமான கருத்து என்று கூறியது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 'முதலாவது' என்பதை விட்டுவிட்டுப் பாரமவுண்ட் என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. முதலாவது என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து அதனோடு எடைபோடப்படலாம். பாரமவுண்ட் என்றால் முடிவைத் தீர்மானிப்பது அதுவே.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் இந்து இளையர் மற்றும் காப்பாளர் சட்டம், 13ஆம் பிரிவில், இதே சொல்லைப் பயன்படுத்துகிறது. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையிலும் சொல்தேர்வு நுட்பமானது. பொதுவான நடவடிக்கைகளைப் பற்றிய 3ஆம் பிரிவில் குழந்தையின் நலன் முதன்மையான கருத்துகளுள் ஒன்று. தத்து பற்றிய 21ஆம் பிரிவில் மட்டும் அது பாரமவுண்ட். தத்துக் கொடுப்பவர், எடுப்பவர், நிறுவனம், அரசு ஆகிய எவருடைய வசதியும் அங்கே குழந்தைக்கு மேலே நிற்க முடியாது.

தமிழில்

தமிழில் இதற்குத் தலையாய என்ற பெயரடை பெரிதும் பொருந்தும். ஆங்கிலம் மலையிலிருந்து எடுத்த உருவகத்தைத் தமிழ் உடலிலிருந்து எடுத்துள்ளது. அரசியல் வரலாற்றில் பாரமவுண்ட்சியை மேலுரிமை, மேலாதிக்கம், உச்ச அதிகாரம் எனப் பலவாறு எழுதுகிறார்கள். மேலாதிக்கம் என்பது டாமினன்ட் என்ற சொல்லோடு தொடர்புடைய ஆதிக்கக் கருத்தையும் தருவதால், அரசர்களுக்கும் ஆங்கில முடிக்கும் இருந்த உறவைக் குறிக்க மேலுரிமை என்பதே தெளிவானது. குழந்தை பற்றிய சட்டங்களை மொழிபெயர்க்கும்போது 'முக்கியமான' என்று எழுதுவது போதாது. முக்கியமானவை பல இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக நின்று முடிவைத் தீர்மானிப்பது ஒன்றுதான் இருக்க முடியும். தஞ்சாவூர் அரசிக்கு நீதிமன்றக் கதவை அடைத்த அதே சொல், இன்று நீதிமன்றத்தில் தனக்காகப் பேச முடியாத ஒரு குழந்தையின் பக்கம் நிற்கிறது.